ஊதுற வண்டி

இதை எனக்கு முதலில் சொன்னவர் என் சம்மந்தி மைமூன் பீவி. ரஜப் பிறை மூன்று, வியாழக்கிழமை, சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு நாங்கள் இருவரும் முசல்லா விரிப்பை மடித்தும் மடிக்காமலும் மடியில் வைத்துக்கொண்டு இருந்தபோது சொன்னார். அவர் பொய் சொல்லுகிற ஆள் இல்லை. மறதி உண்டு. மறந்ததை மறந்தேன் என்று சொல்லிவிடுவார், தானாக ஒன்றைச் சேர்த்துச் சொல்லமாட்டார். நானும் அப்படியே சொல்லுகிறேன். கூடுதல் குறைவு இருந்தால் அல்லாஹ் மன்னிக்கட்டும்.

சம்மந்தியின் கடலோர ஊரில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் போய் இருப்பார். என் இளைய மகனும் அப்படித்தான் சம்மந்தி வீட்டில் இருக்கிறான், நான் வருஷம் இரண்டு தடவை பேரனைப் பார்க்கப் போய்வருகிறேன். அங்கே தெருவில் ஆண்கள் நடப்பார்கள். வீடுகளுக்குப் பின்னால் ஒற்றை ஆள் அகலத்தில் ஓடுகிற சந்தில் பெண்கள் நடப்பார்கள். அந்தச் சந்துக்கு முடுக்கு என்று பேர். முன்வாசல் ஆண்களுக்கும் தபால்காரருக்கும், பின்வாசல் பெண்களுக்கும் பேச்சுக்கும் என்று எந்தக் காலத்திலோ பிரித்துக்கொண்டார்கள், இன்றுவரை ஒருத்தர் வாசலில் ஒருத்தர் இடிப்பதில்லை.

சம்மந்தி வீட்டுக்கு அடுத்த வீடு சுஹராவுடையது. அவள் வாப்பா முத்து அகமது ஹாஜியார் கல் வியாபாரி, மாணிக்கமும் புஷ்பராகமும் பொட்டலத்தில் மடித்துக்கொண்டு கொழும்புக்கும் ஹாங்காங்குக்கும் போய்வந்தவர். முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னே அவர் கப்பலில் ஒரு காரை இறக்கினார். நாவல்பழ நிறம், தவளை முகம், தரையோடு தரையாகப் படிந்த உடம்பு, பின்னால் சொளகைக் கவிழ்த்துவைத்தாற்போல ஒரு வால், அந்த வாலுக்குக் கீழே சாய்ந்த எழுத்தில் ‘டர்போ’ என்று ஒரு வார்த்தை. பந்தயம் ஓடப் பிறந்த அந்த வண்டியை அவர் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் கடற்கரை வரைக்கும் ஓட்டிப்போவார், கடலுக்கு ஒரு தடவை காட்டுவார், திரும்பக் கொண்டுவந்து பழைய மல் வேட்டியால் துடைத்து மூடிவிடுவார். அவ்வளவுதான் அது ஓடின ஓட்டம். அவர் மவுத்தான பிறகு வீடும் வண்டியும் மகளுக்கு வந்தன. மகளும் வெள்ளி தவறாமல் கால் மணி நேரம் அதை ஸ்டார்ட் செய்து உறுமவிட்டு, துடைத்து, மூடினாள். தனக்கு வயசானதே அந்த வண்டிக்குத் தெரியாது.

சுஹராவின் மாப்பிள்ளை (அங்கே கணவருக்கும் அதே சொல்தான்) உவைஸுக்கு ஜித்தாவில் ஓர் அத்தர்க் கடையில் வேலை. இருபத்திரண்டு வருஷமாக இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் வருவார். அவர் வந்து இறங்கினதும் பிள்ளைகள் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வரிசையாக நின்று ஸலாம் சொல்லும், விருந்தாளிக்குச் சொல்கிற மாதிரி. ஊரிலேயே ஒரு சின்ன அத்தர்க் கடை போட்டு உட்கார்ந்துவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஆசைக்கு முதல் வேண்டுமே. போன வருஷம் ஒருநாள் சுஹரா சம்மந்தி வீட்டுப் பின்வாசலில் வந்து நின்று, “மாமி, எல்லாரும் கல்யாணத்துக்கு மாப்பிள்ளைக்குக் கார் கொடுப்பாங்க. நான் காரைக் கொடுத்து மாப்பிள்ளையை வாங்கப் போறேன்” என்றாள். பழைய கார்களைச் சேர்த்து வைத்துக்கொள்ளுகிற ஆட்கள் இருக்கிறார்களாம், அவர்களுக்குப் படம் எடுத்து அனுப்ப வேண்டுமாம், தூத்துக்குடியிலிருந்து மெக்கானிக்கை வரச் சொல்லியிருக்கிறாளாம்.

மெக்கானிக் செல்வின் வந்து போர்வையை நீக்கிப் பார்த்தான். பிறகு செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு, ஒரு வாசல் தெருவுக்கும் ஒரு வாசல் முடுக்குக்கும் இருந்த அந்த ஷெட்டுக்குள் மறுபடி வந்தான்.

“அக்கா, இது என்னக்கா, நேத்துத்தான் கம்பெனிய விட்டு வந்த மாதிரி நிக்கி! பெயிண்டு, சீட்டு, ரப்பர், ஒண்ணும் போகலியே!” என்றவன் சுற்றி வந்து பின்பக்கத்தைத் திறந்தான். எஞ்சின் அங்கே இருந்தது. முடுக்கு வாசலில் தலையில் துப்பட்டியோடு நின்ற பெண்களுக்கு அது பிடித்துப்போனது. நம்ம ஊர் வீடு மாதிரியே கட்டியிருக்கான் பார், முன்னால அழகு, அடுப்பும் நெருப்பும் பின்கட்டிலே, என்றார்கள்.

“இதுல என்ன விசேஷம்னா,” என்று செல்வின் உள்ளே கையைக் காட்டினான், “மத்த வண்டியெல்லாம் புகையை வெளிய விட்டுட்டுச் சும்மா போயிரும். இது விட்ட மூச்சை வீணாக்காது. அந்த மூச்சைக் கொண்டே சக்கரத்தைச் சுத்தி, புதுக் காத்தை உள்ள ஊதும். இது ஊதுற வண்டிக்கா.”

அவன் சொன்னது எஞ்சினைப் பற்றி. ஆனால் எங்கள் பெண்களிடம் ஊதுறது என்று சொன்னால் அதற்கு ஓர் அர்த்தம்தான் உண்டு. பிள்ளை பயந்தாலும், காய்ச்சல் விழுந்தாலும், தாய்க்குப் பால் கட்டினாலும், ஓதி ஊதுவோம். தண்ணீரில் ஊதுவோம், உச்சந்தலையில் ஊதுவோம். சம்மந்தியின் இன்னொரு மகள் வயிற்றுப் பேத்தி, மூன்று மாதக் கைப்பிள்ளை, விடியல் சுபுஹிலிருந்து விக்கிக்கொண்டே இருந்தது. அவர் அதைத் தூக்கிக்கொண்டு எஞ்சினுக்கு எதிரே போய், ஃபாத்திஹா சூராவை ஓதிவிட்டு, ஊது என்று காத்திருந்தார். செல்வினுக்கு ஒன்றும் புரியவில்லை. அவன் பாட்டுக்குச் சாவியைப் போட்டு ஆக்ஸிலேட்டரை மிதித்து விட்டான். வண்டி உறுமி அடங்கி, ‘ப்ஷ்ஷ்ஷ்’ என்று பிள்ளையின் முகத்தில் ஊதியது. விக்கல் நின்றது. பிள்ளை கொட்டாவி விட்டுத் தூங்கியது.

அன்று மத்தியானத் தொழுகை லுஹருக்கு முன்னாலேயே முடுக்கில் ஆறு பிள்ளைகள் வந்துவிட்டன. மறுநாள் தண்ணீர்ப் போத்தல்கள் வந்தன. மூன்றாம் நாளிலிருந்து வண்டிக்குச் சாவியும் பெட்ரோலும் தேவைப்படவில்லை, யாராவது எதிரே போய் நின்று ஓதி முடித்தால் அதுவே ஊதியது. பிள்ளைகளுக்குப் பிறகு தாய்மார் வந்தார்கள். அந்தத் தெருவில் நாற்பது வீடு, அதில் முப்பத்தொரு வீட்டு மாப்பிள்ளைமார் கடலுக்கு அப்பால் இருக்கிறார்கள். அதனால் பெருமூச்சு அங்கே அரிசி மாதிரி, எந்த வீட்டிலும் தட்டுப்பாடு கிடையாது. ஒருத்தி போய் எஞ்சின் முன்னே நின்று, பிள்ளைக்குத்தான் வந்தேன் என்று சொல்லிக்கொண்டே தன்னையறியாமல் ஒரு பெருமூச்சு விட்டாள். வண்டி அதை உள்ளே இழுத்துக்கொண்டது. சற்று நேரத்தில் அதையே நல்ல காற்றாகத் திருப்பி ஊதியது, கடல் குளித்த மாதிரி இருந்தது என்றாள். அதன் பிறகு லுஹரிலிருந்து அஸர் வரை பெண்கள் வரிசை. அஸருக்குப் பிறகு சுஹரா வண்டியைத் திருப்பி நிறுத்துவாள், எஞ்சின் தெருப்பக்கம் பார்க்கும், அப்போது ஆண்கள் வரிசை.

இப்படிச் செய்யலாமா கூடாதா என்று ஜமாஅத்தில் ஒரு பேச்சு வரத்தான் செய்தது. பள்ளிவாசல் ஆலிம்சா வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். “ஓதுறது நீங்க. ஊதுறது அது. நோய்க்கு ஷிஃபா கொடுக்கிறது அல்லாஹ். இதுல யாரும் யாரு இடத்துக்கும் போகக் கூடாது. ஃபேனுக்கு யாராவது சந்தனம் பூசுறீங்களா? இதுக்கும் பூசாதீங்க. பூப்போடாதீங்க. பத்தி கொளுத்தாதீங்க, பெட்ரோல் வண்டி” என்றார். எல்லாரும் கலைந்த பிறகு, தனக்கு நாற்பது நாளாக வறட்டு இருமல் என்று தயங்கித் தயங்கிச் சொல்லிவிட்டு, ஓதி, முகத்தைக் காட்டிக்கொண்டு போனார்.

அதிகம் பலன் கண்டவர் செய்யது லெப்பை மோதினார். அவருக்கு இளைப்பு. தொழுகைக்கு அழைத்துப் பாங்கு சொல்லும்போது ஒவ்வொரு வரிக்கும் நடுவில் அவர் மூச்சுக்கு அலைகிறதை ஒலிபெருக்கியில் கேட்டு, வீட்டில் இருக்கிற நாமும் சேர்ந்து மூச்சைப் பிடித்துக்கொள்ளுவோம். வண்டி ஊதின மறுநாள் அவர் லுஹருக்குப் பாங்கு சொன்னார். ‘ஹய்ய அலஸ் ஸலாஹ்’, தொழ வாருங்கள், என்று ஓர் இழுப்பு இழுத்தார் பாருங்கள், உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள் பலகையைச் சாத்திவிட்டு, கால் கழுவி, ஒளுச் செய்து, கரையேறி வருகிறவரைக்கும் அந்த ஒரே இழுப்பு அறுபடாமல் நின்றது. கடலில் இருந்த வள்ளங்களுக்கும் கேட்டதாம்.

பெண்களின் பெருமூச்செல்லாம் தீர்ந்துபோனதில் ஒரு சின்னச் சங்கடமும் வந்தது. ரியாத்திலிருந்து ஒருத்தர் ஃபோனில் சண்டை பிடித்தார். “என்ன, நான் இல்லாதது உனக்கு இப்பக் கவலையா இல்லையா? முந்தியெல்லாம் ஃபோனை எடுத்தா முதல்ல ஒரு மூச்சு வரும்!” அந்தப் பெண் சம்மந்தியிடம் வந்து, “அவங்க மனசு கஷ்டப்படக் கூடாதேன்னு சும்மா ஒண்ணு விட்டேன் மாமி, பொய்யா. அஸ்தஃபிருல்லாஹ்” என்றாளாம்.

இதற்கு நடுவில், செல்வின் அனுப்பிய படங்கள் கோயமுத்தூரில் தேவராஜ் என்கிற ஒருவருக்குப் போய்ச் சேர்ந்தன. பதினோரு பழைய கார் வைத்திருக்கிறவர். புதன்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டார். யாரும் சுஹராவிடம் விற்காதே என்று சொல்லவில்லை, ஆனால் அவள் வீட்டுக்கு வட்டிலப்பமும் தம்மடையுமாக இனிப்பு வந்து குவிந்தது. கடைசியில் சம்மந்திதான் பின்வாசலில் நின்று கேட்டார்.

“விக்காம வச்சுக்கலாமாம்மா? மோதினார் நெஞ்சை நினைச்சுப் பாரு.”

“நினைக்காம இல்ல மாமி,” என்றாள் சுஹரா. “அவங்களுக்கும் எனக்கும் கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். எங்கூட இருந்தது மொத்தமாச் சேர்த்தாலும் ஒண்ணேகால் வருஷம் வராது. சின்னவ போன தடவை என்ன கேட்டா தெரியுமா? ‘உம்மா, இவங்க எப்பப் போவாங்க?’ன்னு கேட்டா. அவங்க காது கேட்கவே கேட்டா.”

சம்மந்தி என்னிடம் சொன்னார்: “என் மாப்பிள்ளை, உங்க சம்மந்தி, உள் அறையில கால நீட்டித் தூங்கிக்கிட்டு ஈக்கிறாங்க. நான் எந்த வாயால இன்னொரு தடவை கேட்பேன்?”

புதன்கிழமை தேவராஜ் வந்தார். வெள்ளைச் சட்டை, பெரிய உடம்பு, சின்னக் குரல். வண்டியைப் பார்த்துவிட்டு, “ஏனுங்க, இத்தனை வருசம் இதைய மழைத்தண்ணி படாம எப்படி வெச்சிருந்தீங்க? என்ர வீட்டுல என்னையக்கூட இப்படிப் பாத்துக்கலீங்க” என்று சிரித்தார். செல்வினைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ஓட்டிப்போனார். போனவர் அரை மணியில் வந்தார், முகத்தில் சிரிப்பு இல்லை. தெருவில் நின்றபடியே, கதவுக்குப் பின்னால் நின்ற சுஹராவுக்குக் கேட்கும்படியாகச் சொன்னார்.

“பாக்கறதுக்குப் புதுசு மாதிரிதானுங்க. ஆனா டர்போ ஊதவே மாட்டேங்குது. உள்ளே காத்தை அளக்கறதுக்கு ஒரு முள்ளு இருக்குதல்லங்க, அது எந்திரிக்கவே இல்ல. கண்ணாடிப் பொட்டிக்குள்ள வெச்சுப் பாக்கறதுக்கு எனக்குக் கார் வேண்டாமுங்க, ஓட்டோணும். மூச்சே இல்லாத வண்டிய வாங்கிட்டுப் போயி என்ன பண்றது? ராத்தங்கல் திருச்செந்தூர்ல. காலைல போறப்ப ஒரு தடவை பாக்கறேன். தப்பா நினைச்சுக்காதீங்க அம்மிணி.”

சுஹரா உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள், வைத்த பாலைப் பொங்கவிட்டாள்.

தெரு முழுக்க அதைக் கேட்டது. வண்டி எவ்வளவு இழுத்ததோ அதற்கு மேலே ஊதியிருக்கிறது, ஹாஜியார் காலத்திலிருந்து சேர்த்துவைத்திருந்த சொந்த மூச்சையும் சேர்த்து ஊதித் தீர்த்துவிட்டது என்று எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்துபோனது. அந்தி மஃரிபுக்குப் பள்ளியில் மோதினார்தான் முதலில் எழுந்து நின்றார். “அந்த வண்டியோட மூச்சு இப்ப என் நெஞ்சுல ஈக்கிது. ஒரு பொம்பளப் பிள்ளை நம்பி விட்ட அமானிதத்தை நெஞ்சுல வச்சுக்கிட்டு நான் எப்படிப் பாங்கு சொல்லுவேன்?” என்றார். அதற்கு ஆலிம்சா, “வாங்கினது ஊதித்தானே? கொடுக்கிறதும் அப்படியே கொடுத்துடுவோம்” என்றார்.

வியாழக்கிழமை சுபுஹு தொழுகை முடிந்ததும் ஆண்கள் தெருவில் வரிசையாக நின்றார்கள். வண்டியின் வாலைத் தூக்கிவைத்திருந்தார்கள். முள்ளைப் பார்க்க யாராவது உள்ளே உட்கார வேண்டும். சுஹரா முடுக்கில் பெண்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்ததால், அறுபத்தாறு வயசில் முதல் தடவையாக என் சம்மந்தி டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். துப்பட்டியை நன்றாக இழுத்து முகத்தை மூடிக்கொண்டு, முள் மட்டும் தெரிகிற மாதிரி ஓர் இடைவெளி விட்டுக்கொண்டாராம். மோதினார் பிஸ்மி சொல்லி, ஓதி, எஞ்சினில் ஊதினார். ஊதி முடிக்கும்போது அவர் முகம் நீலம் பாரித்தது, பழைய இளைப்பு வந்துவிட்டது, ஆனால் சிரித்துக்கொண்டே சுவரைப் பிடித்துக்கொண்டார். முள் ஒரு விரல் ஏறியது. ஆலிம்சா ஊதினார், இருமிக்கொண்டே போனார். ஒவ்வொருத்தருக்கும் ஒரு நெல்லளவு ஏறியது. பிறகு வண்டியைத் திருப்பினார்கள், பெண்கள் முடுக்கு வழியாக வந்தார்கள், அவரவருக்குத் தெரிந்ததை ஓதி ஊதினார்கள். பெரிய சூரா தெரியாதவர்கள் சின்ன சூரா ஓதினார்கள், ரியாத்துக்காரர் மனைவி குல்ஹுவல்லாஹுவை மூன்று தடவை ஓதினாள். கைப்பிள்ளையைக் கொண்டுவந்து காட்டினார்கள், அது எச்சில் தெறிக்க ‘புர்ர்’ என்று ஊதியது, முள் அதற்கும் ஏறியது.

இதற்குள் தேவராஜ் வந்து தெருமுனைத் தேநீர்க் கடையில் நின்றார். “என்னப்பா அங்க கூட்டம்?” என்று அங்கே நின்ற செல்வினைக் கேட்டார்.

“சர்வீஸ் நடக்கு சார்.”

“இத்தனை பேரா?”

“பழைய வண்டில்லா சார்.”

எல்லாரும் ஊதி முடித்தபோது முள் சிவப்புக் கோட்டுக்கு இரண்டு விரல் கீழே நின்றுவிட்டது. சம்மந்தி எண்ணிப் பார்த்தார், யார் விட்டுப்போனது என்று. “சுஹரா, நீ வாங்கினதைப் போடலையேம்மா.”

“நான் வாங்கவே இல்லையே மாமி,” என்றாள் அவள்.

ஒருத்தருக்கும் புரியவில்லை. தெரு முழுக்க வந்து பெருமூச்சு விட்டுக் காற்று வாங்கிப்போன வண்டியை, தினமும் திருப்பி நிறுத்தினவள் ஒரு நாளும் அதன் எதிரே நிற்கவில்லையாம். “பெருமூச்சை விட்டா போயிடும்ல. அவங்க இல்லாத வீட்டுல அது ஒண்ணுதான் அவங்களுக்குன்னு ஈக்கிது. வந்த பிறகு விடலாம்னு உள்ளயே வச்சிருந்தேன்” என்றாள். வண்டிக்கு அவள் எதுவும் தர வேண்டியதில்லை என்று பெண்கள் சொன்னார்கள். வேண்டாம்மா, வேறு ஏதாவது வழி பார்ப்போம் என்றும் சொன்னார்கள். சுஹரா துப்பட்டியைச் செருகிக்கொண்டு எஞ்சின் எதிரே போய் நின்றாள். வாப்பாவுக்கு ஒரு ஃபாத்திஹா ஓதினாள். கண்ணை மூடினாள். இருபத்திரண்டு வருஷத்தையும் ஒரே மூச்சில் விட்டாள்.

சம்மந்தி சொன்னார், அது முடியவே இல்லையாம். கொடியில் கிடந்த துணியெல்லாம் வண்டியைப் பார்த்துச் சாய்ந்ததாம், முடுக்கில் நின்ற அத்தனை பேர் துப்பட்டியும் ஒரே பக்கம் பறந்ததாம், கோழி ஒன்று காற்றோடு நகர்ந்ததாம். முள் சிவப்புக் கோட்டைத் தொட்டு, தாண்டி, கண்ணாடியில் டக் டக்கென்று முட்டியதாம். வண்டி தானாக உறுமியதும் அவர் “யா அல்லாஹ்!” என்று கத்திக்கொண்டு, இறங்கின அவசரத்தில் ஒரு செருப்பை உள்ளேயே விட்டுவிட்டு ஓடினார்.

தேவராஜ் தேநீரை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்து, மெதுவாகத்தான் மிதித்தார். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. ஒன்று, இரண்டு என்று எண்ணுகிற நேரம் வண்டி யோசித்தது. பிறகு போய்விட்டது. நாவல்பழ நிறத்தில் ஒரு கோடு மட்டும் தெருவில் கொஞ்ச நேரம் இருந்தது. திருச்செந்தூர் போய்த் திரும்பி வந்தபோது அவர் பாதி குடித்து வைத்துவிட்டுப்போன தேநீர் சூடு ஆறவில்லை. அவருடைய முடியெல்லாம் நின்றது, கண்ணில் தண்ணீர் நின்றது.

“வண்டியில யாரோ கூட உக்காந்திருக்கற மாதிரி இருந்துச்சுங்க,” என்றார். “பயமா இல்லீங்க. துணையா இருந்துச்சு.” சுஹரா சொன்ன விலையை ஒரு வார்த்தை குறைக்கச் சொல்லாமல் கொடுத்தார். சம்மந்தியின் செருப்பையும் துடைத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் தெருவில் பெருமூச்சு திரும்பி வந்தது, ஃபோனில் கேட்டு ரியாத்துக்காரர் சந்தோஷப்பட்டார். மோதினார் பழையபடி வரிக்கு வரி மூச்சு வாங்கித்தான் பாங்கு சொல்கிறார். கைப்பிள்ளைக்கு அப்புறம் விக்கல் வந்தால் தண்ணீர் கொடுக்கிறார்கள்.

ரபியுல் ஆகிர் மாதம் உவைஸ் இரண்டு பெட்டியோடு வந்து இறங்கினார், திரும்பிப் போகிற டிக்கெட் இல்லாமல். முதல் நாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். சற்று நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குறட்டைச் சத்தம் வந்தது. சின்னச் சத்தம் இல்லை, படகு மோட்டார் மாதிரி. முடுக்கில் போன பெண்கள் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்கள், ஒருத்தியும் பேசவில்லை. சுஹரா கதவைத் திறந்து எட்டிப் பார்த்து வெட்கப்பட்டாள்.

“ரொம்பச் சத்தமா ஈக்கிதா மாமி? எழுப்பட்டுமா?”

“எழுப்பிடாதே!” என்று எல்லாரும் சேர்ந்து மெதுவாகச் சொன்னார்களாம்.

அவருக்கு இன்னும் ஜித்தாவின் நேரம் உடம்பை விட்டுப் போகவில்லை, தூக்கம் மத்தியானத்தில்தான் நன்றாக வருகிறது. அதனால் உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்ளுகிறேன். அந்த ஊர்ப் பக்கம் போனால், சுஹராவின் தெருவில், லுஹருக்கும் அஸருக்கும் நடுவில் மட்டும் தயவுசெய்து ஹாரன் அடிக்காதீர்கள்.